இடது வால்வின் பக்கம்

மூட்டை தூக்கி இற்றுப்போன இடுப்பு நாற்காலியில் உட்கார்ந்தால் இன்னும் மோசமாக வலித்தது. வலி தாங்காமல் எழுந்து நடந்து, டீ குடித்து, திரும்பி வந்து கணினிக்காரர் ஒரு பக்கத்தைச் சேமித்தார். அதே நிமிடம், கீழே முற்றத்தில் நின்ற கொதிகலன் மேஸ்திரி, அரை மணிக்கு முன் தான் எழுதியதை அடியோடு மறந்துபோனார். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பக்கங்களைச் சேமிக்கும் அப்போதைய கிடங்கு அப்படி.

ஆலையில் ஒவ்வொரு இயந்திரத்தையும் எப்படி ஓட்டுவது, எப்படி நிறுத்துவது என்று தொழிலாளர்களே எழுதி, தொழிலாளர்களே திருத்திக்கொள்ளும் விக்கி என்ற கணினிக் குறிப்பேடு ஒன்று இருந்தது. இடுப்பு போனதும் சுமைப் பிரிவிலிருந்து மாற்றப்பட்ட கணினிக்காரர்தான் அதற்குப் பொறுப்பு. பக்கங்களை எதில் சேமிக்கிறாரோ, அந்தக் கிடங்கின் குணம் ஆட்களுக்கும் வந்துவிடும். மழைக்காலத்தில் கதவு இறுகுவதைப்போல அதுவும் சகஜம்.

முதலில் வெறும் ஃபைல்கள். பக்கத்துக்கு ஒன்று, செலவில்லாத ஏற்பாடு. கடைசியாகச் சேமித்தவர் எழுதியது நிற்கும், முந்தியது போய்விடும். ஆட்களும் அப்படியே ஆனார்கள். கணினிக்காரர் வீட்டில் மனைவி ஒன்று சொல்வாள், பின்னாலேயே மாமியார் வேறொன்று சொல்வாள், மனைவி சொன்னது யார் தலையிலும் இருக்காது, அவள் தலையிலும்கூட. குடும்பத்தில் சண்டை குறைந்தது.

ஆனால் மச்சினனின் விரல்கள் போயின. மனைவியின் தம்பியான அவன் கொதிகலனில் இரவல் ஆளாக நின்ற நாள் அது. பக்கத்தைப் படித்தான், படித்தபடியே இடது வால்வைத் திறந்தான், பீறிய நீராவி இடக்கையில் இரண்டு விரல்களைக் கொண்டுபோனது.

"வால்வு பழுதுன்னு பக்கத்துல எழுதினீரா இல்லையா?" என்றார் முதலாளி.

"எழுதுன மாதிரியும் இருக்கு, எழுதாத மாதிரியும் இருக்குங்க," என்றார் மேஸ்திரி.

அறுபதை நெருங்கிய மேஸ்திரியின் முதுகைச் சுமைப் பிரிவுக்கு அனுப்பினார்கள். கணினிக்காரருக்கு ஓர் உத்தரவு வந்தது: உருப்படியான கிடங்காகப் பார்த்து மாற்று.

எது உருப்படி என்று அவருக்கு விளங்கவில்லை. ஒரே ஃபைலுக்குள் எல்லாப் பக்கத்தையும் அடக்கும் சின்ன டேட்டாபேஸ் ஒன்றைப் போட்டார். அதில் ஒருவர் எழுதி முடிக்கும்வரை அடுத்தவர் காத்திருக்க வேண்டும். மறுநாளே, ஒருவர் பேசினால் மற்றவர்களின் வாய் திறந்தபடி நின்றது. மாமியார் ஒரு மாலை முழுக்கத் தன் முழங்காலைப் பற்றிப் பேசினார், எதிரே மூன்று பேர் ஈ புகுமளவு வாயைப் பிளந்து உட்கார்ந்திருந்தார்கள். ஆலையில் "தள்ளி நில்லு" என்று கத்தவும் முறை வரவேண்டியிருந்தது. ஏழு மாதம் ஓட்டினார்கள்.

பிறகுதான் பெரிய டேட்டாபேஸ். அதற்குத் தனி அறை, தனி இயந்திரம், நிற்காத மின்விசிறி. நூறு பேர் ஒன்றாக எழுதலாம், பழைய பதிப்பு எதுவும் அழியாது. ஃபைல் காலத்தில் அழிந்தவையும் அதில் எப்படி வந்து சேர்ந்தன என்பது கணினிக்காரருக்கு இன்றுவரை புரியவில்லை. மனைவிக்குத் தான் ஆறு வருஷமாகச் சொன்னதெல்லாம் நினைவுக்கு வந்தது, வரிசைப்படி மறுபடியும் சொன்னாள். முற்றத்தில் மூட்டையோடு போன மேஸ்திரி அப்படியே நின்றார்.

"எழுதினேன்யா! செவ்வாக்கெழம, பத்தர மணிக்கு எழுதினேன்!"

கணினிக்காரர் கொதிகலன் பக்கத்தின் வரலாற்றைத் திறந்தார். பத்தரைக்கு மேஸ்திரி: இடது வால்வு பழுது, தொடாதே. பதினொன்றுக்கு வேறொருவர் சேமித்திருந்தார், பழுது என்ற வரி இல்லை, தலைப்பு மட்டும் பெரிதாகியிருந்தது. அந்த வேறொருவர் அவரேதான். பத்து மணிக்குத் திறந்த பழைய பக்கத்தை, டீ குடித்துவிட்டு வந்து அப்படியே சேமித்திருக்கிறார். எத்தனை முறை படித்தாலும் பெயர் மாறவில்லை.

வரலாற்றை யாரும் பார்க்கலாம். மச்சினனும் பார்த்தான். சாப்பாட்டு மேசையில் மூன்று விரலால் தட்டை நகர்த்திக்கொண்டு சொன்னான்:

"தலைப்பு பெருசா, எடுப்பாத்தான் இருக்கு மாமா."

மேஸ்திரி கொதிகலனுக்குத் திரும்பினார். பெரிய டேட்டாபேஸே நிலைத்தது. அங்கே இப்போது யாரும் எதையும் மறப்பதில்லை, அதற்கும் பழகிவிட்டார்கள். கணினிக்காரர் தன் மச்சினனுக்குத் தரவேண்டியது இரண்டு விரல்கள். இன்னும் தரவில்லை.