பெங்களூர்ப் பயிற்சி

"தலைய ஆட்டாதடி, விக்கு சரியுது!"

"ஆட்டலம்மா, சிரிக்கிறேன். அரிக்குது."

ஆனந்தமேரி மகளின் தலையில் இன்னொரு ஊசியைக் குத்தினாள். மாப்பிள்ளை வீட்டார் கூடத்தில் உட்கார்ந்தாயிற்று.

ஷைனி எண்ணூறு மீட்டரில் மாநில அளவில் ஓடியவள். கழுத்தில் கட்டியாய் வந்த புற்றுநோய்க்கு மதுரையில் எட்டு மாதம் மருந்து ஏற்றிப் பிழைத்தவள். இனி ஓடலாம் என்று டாக்டர் சொல்லி மூன்று மாதமாகியும், மைதானத்துக்குப் போக வீட்டில் அனுமதியில்லை. முடி ஒரு விரற்கடைதான் முளைத்திருந்தது. பார்த்தால் கேட்பார்கள், கேட்டால் தெரிந்துவிடும், தெரிந்தால் கல்யாணம் நடக்காது. கல்யாணத்துக்குப் பிறகு தெரிந்தால் அது மாப்பிள்ளையின் பாடு.

இது அப்பா இருதயநாதனின் திட்டம். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், எதையும் அரைகுறையாகச் செய்யமாட்டார். மகள் பெங்களூரில் பயிற்சியில் இருப்பதாகத் தெரு முழுக்கச் சொன்னதோடு, ஞாயிறுதோறும் சர்ச்சில் பூசைக் கருத்தாக வேண்டுதலும் எழுதிக் கொடுத்தார். "பெங்களூரில் பயிற்சி பெறும் ஷைனிக்காக" என்று சாமியார் வாசிக்க, முந்நூறு பேர் முழங்காலில் நின்று வேண்டினார்கள். ஆக, ஆண்டவருக்கே அவள் பெங்களூரில் இருப்பதாகத்தான் தகவல். மதுரையில் குணமானது யாருடைய கவனக்குறைவோ!

மாப்பிள்ளையின் அப்பா சூசைமுத்து, முப்பது வருஷம் உயிரியல் நடத்தியவர், கேசரியை வழித்தபடி கேட்டார்: "பெங்களூர்ல டெய்லி எம்புட்டுத் தூரம்மா ஓடுவ?"

"பத்து கிலோமீட்டர்" என்றார் இருதயநாதன்.

"பன்னெண்டு" என்றாள் ஆனந்தமேரி, அதே நொடியில்.

ஷைனிக்குச் சிரிப்பு பீறிட்டது. அடக்கப் பார்த்தாள், ஆகவில்லை.

"அம்மா சொன்னதுதான் மாமா, பன்னெண்டு. ஆனா கிலோமீட்டர் இல்ல, தப்படி. கட்டில்ல இருந்து பாத்ரூமுக்கு. மொத நாளு நடுவுல ரெண்டு தடவ உக்காந்தேன். அப்புறம் பக்கத்து பெட்டு பெருமாயி அக்காகூட, சலைன் ஸ்டாண்டத் தள்ளிக்கிட்டே வராண்டால ரேஸு. அவுகளுக்கு அம்பத்தெட்டு வயசு. அவுகதான் ஜெயிச்சாக! பயம் வந்தா கண்ண மூடி மனசுக்குள்ள எண்ணூறு மீட்டர் ஓடுவேன். இப்பவும் லேசாக் காய்ச்சலடிச்சா, திரும்ப வந்துருச்சோன்னு அப்பிடித்தான் ஓடுறேன்." விக்கைக் கழற்றி மடியில் வைத்தாள். "கேன்சரு மாமா. சரியாயிருச்சு."

உயிரியல் ஆசிரியர் கேசரித் தட்டை மெல்லத் தள்ளி வைத்தார்.

மறுநாள் சாயங்காலம் சூசைமுத்துவின் போன் வந்தது. "நோவு வந்தத நாங்க பெருசா எடுக்கல சார். ஆனா நாலு பேரு முன்னால இப்பிடிப் பட்டுன்னு உண்மையப் பேசுற புள்ள குடும்பத்துக்கு ஆகாது. எங்க வீட்லயும் நாலு விசயம் இருக்கும்ல?"

இருதயநாதன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஷைனி விக்கை எடுக்காமலே ஷூவை மாட்டினாள்.

"செத்த நேரம் பொறுடி, இருட்டட்டும்."

"எதுக்கும்மா?"

ஆனந்தமேரி செருப்பைப் போட்டுக்கொண்டு அவளும் கிளம்பினாள்.

மைதானத்தில் நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் நின்று பார்த்தார்கள். ஷைனி இரண்டு சுற்று, எண்ணூறு மீட்டர் முடித்து, மண்ணில் மல்லாந்து விழுந்து, மூச்சிரைக்கச் சிரித்தாள். "எம்புட்டு நேரம்மா?"

ஆனந்தமேரி செல்போனைக் கண்ணுக்கருகே வைத்துப் பார்த்தாள். பிறகு மைதானம் முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்:

"பழசவிட ரெண்டு நிமிசம் கூடடி! எந்திரி!"