பத்தாம் நம்பர் செருப்பு

என் தம்பியின் கால் ஏழாம் நம்பர். அவன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த நாளிலிருந்து அவனுக்குச் செருப்பு எடுத்துக் கொடுத்தவள் நான்தான், அதனால் இதை எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்து சொல்வேன். செருப்புக் கடையில் எனக்குப் பதினெட்டு வருட வேலை. உள்ளே வருகிறவரின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே காலைப் பார்த்து நம்பரைச் சொல்லிவிடுவேன். ஐந்துதான் வேண்டும் என்று அடம்பிடிக்கும் பெண்களுக்கு ஆறாம் நம்பரை எடுத்து வந்து, பெட்டியில் இருக்கும் எண்ணைக் கட்டைவிரலால் மறைத்தபடி போட்டுவிடுவேன். "பார்த்தீங்களா, அஞ்சு எவ்வளவு சரியா இருக்கு!" என்பார்கள். "உங்க கால் உங்களுக்குத் தெரியாதாங்க" என்று நானும் ஒத்து ஊதுவேன்.

எங்கள் முதலாளி வேலை கற்றுக்கொடுத்த விதம் அப்படி. நின்றுகொண்டு நம்பர் கேட்கக் கூடாது. குட்டை முக்காலியில் உட்கார்ந்து, வந்தவரின் குதிகாலைக் கையில் ஏந்தி, அளவுப் பலகையில் வைக்க வேண்டும். போட்டுப் பார்த்ததும் எங்கே உறுத்துகிறது என்று கேட்க வேண்டும். "நம்பர் கேட்டா பொய் சொல்லுவாங்க. எங்கே உறுத்துதுன்னு கேட்டா ஒருத்தரும் பொய் சொல்ல மாட்டாங்க" என்பார். ஒரு நாளைக்கு ஐம்பது பேரிடமாவது அதைக் கேட்பேன். வீட்டில் அம்மா முகத்தைச் சுளித்தால்கூட அந்தக் கேள்விதான் என் வாயில் வரும்.

தம்பி லிப்ட் மெக்கானிக். அவனோடு வேலை செய்த ஒருவர் லிப்டின் கம்பி அறுந்து ஏழாவது மாடியிலிருந்து விழுந்து செத்துப்போனார். குடித்துவிட்டு வேலை செய்தார் என்று கம்பெனி கையைக் கழுவிவிட்டது. அந்த மனிதர் வாழ்நாளில் குடித்ததே இல்லை என்றும், கம்பி தேய்ந்திருக்கிறது என்று மூன்று முறை எழுதிக் கொடுத்தோம் என்றும் தம்பி கம்பெனி வாசலில் நின்று எல்லோரிடமும் சொன்னான். கூட்டம் கூடியது. நாலாம் நாள் காலையில் சாதாரண உடையில் இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். "ஒரு கையெழுத்துதான். அரை மணி நேரத்துல வந்துடலாம்" என்றார்கள். தம்பி டீயைப் பாதி குடித்திருந்தான். "மூடி வைக்கா, வந்து குடிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

பன்னிரண்டு நாள் எந்தத் தகவலும் இல்லை. பிறகு ஒரு காகிதம் வந்தது. தடுப்புக் காவலாம். வழக்கு கிடையாது, விசாரணை கிடையாது, ஒரு வருடம் வரை உள்ளேயே வைத்திருக்கலாமாம். என்ன குற்றம் செய்தான் என்று நான் கேட்டதற்கு, "குற்றம் செஞ்சிடக் கூடாதுன்னுதாம்மா பிடிச்சு வெச்சிருக்கோம்" என்றார் ஓர் அதிகாரி. இப்படிக் கணக்குப் பார்த்தால் உலகத்தில் ஒருவரும் வெளியே நடமாட முடியாது என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. உள்ளே இருக்கிறவன் என் தம்பி என்பதால் விழுங்கிக்கொண்டேன்.

அவனைப் பார்க்க விடவில்லை. செவ்வாய்க்கிழமை தோறும் அவனை வைத்திருந்த கட்டடத்தின் பின்பக்கச் சுவரில் ஒரு ஜன்னல் திறக்கும். உள்ளே இருப்பவர்களுக்கு என்ன வேண்டும் என்பதை அங்கிருக்கும் எழுத்தர் ஒரு சீட்டில் எழுதி, முத்திரை குத்திக் கொடுப்பார். நாம் வாங்கிக் கொண்டுபோய் அடுத்த வாரம் கொடுக்க வேண்டும். மூக்குக் கண்ணாடியை நூலில் கட்டித் தொங்கவிட்டிருக்கும் மனிதர் அவர். ஒரு சோப்பு உள்ளே போனாலும் தேதி, கையெழுத்து, முத்திரை என்று பிசகாமல் எழுதுவார். முதல் சீட்டில் துண்டும் சோப்பும் இருந்தன. இரண்டாவதில் பனியன். மூன்றாவதில், "ரப்பர் செருப்பு, எண் 10" என்று குண்டு குண்டாக எழுதியிருந்தது.

"ஐயா, தப்பா எழுதியிருக்கீங்க. என் தம்பிக்கு ஏழு."

"உள்ளேயிருந்து சொன்னதைத்தாம்மா எழுதறேன். பத்துன்னு சொன்னாங்க."

"நான் செருப்புக் கடையில பதினெட்டு வருஷமா இருக்கேன். என்கிட்டயே நம்பர் சொல்றீங்களா?"

அவர் நிமிர்ந்து என்னை ஒரு தடவை பார்த்தார். ஏதோ சொல்ல வந்து, "உங்க இஷ்டம்மா" என்று சீட்டைத் தள்ளிவிட்டார்.

அடுத்த வாரம் நான் ஏழாம் நம்பரைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கடையில் இருந்ததிலேயே மெத்தென்ற ஜோடியாகப் பார்த்து எடுத்தேன். என் தம்பியின் கால் எனக்குத் தெரியாதா என்ற திமிர்தான்.

அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை அந்தச் செருப்பு ஒரு பிளாஸ்டிக் பையில் திரும்பி வந்தது. இரண்டு செருப்பிலும் வார் பிய்ந்து தொங்கியது. ஓரங்களில் பழுப்பாக ஏதோ காய்ந்திருந்தது. சீட்டில், "ரப்பர் செருப்பு, எண் 10. எண் 7 போட முடியவில்லை" என்று எழுதி முத்திரை குத்தியிருந்தது. "இந்தத் தடவையாவது பத்தே கொண்டு வாங்கம்மா" என்றார் எழுத்தர், என் முகத்தைப் பார்க்காமல்.

பஸ்ஸில் உட்கார்ந்து அந்தச் செருப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வளர்ந்த ஆணின் கால் வளராது. சாயங்காலம் அரை நம்பர் கூடும். பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு ஒரு நம்பர் கூடும். முப்பத்தோரு வயதுக்காரனுக்கு ஒரே மாதத்தில் மூன்று நம்பர் கூட வேண்டுமானால் அதற்கு ஒரு வழிதான் உண்டு. என் தம்பியைப் படுக்கவைத்து உள்ளங்காலில் அடித்திருக்கிறார்கள். அந்தக் காலோடு அவன் எனக்குப் பத்து என்று சொல்லி அனுப்பினான், நானோ எல்லாம் தெரிந்தவளாக ஏழாம் நம்பரை அனுப்பினேன். அக்கா அனுப்பியதாயிற்றே என்று அவனும் அதற்குள் காலை நுழைத்துப் பார்த்திருக்கிறான். என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டார், அவ்வளவு சத்தமாக அழுதிருக்கிறேன்.

முதலாளி அந்தச் செருப்பை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். "இதைத் துடைச்சுடாத. அப்படியே வை" என்றார். பிறகு அலமாரியில் ஏறி, பத்தாம் நம்பர் இரண்டு ஜோடியை அவரே இறக்கிக் கொடுத்தார். "ஒண்ணு உள்ள அனுப்பு. ஒண்ணு உன்கிட்ட இருக்கட்டும். இப்ப நேரா வக்கீலம்மாகிட்ட போ."

வக்கீலம்மா எங்கள் கடைக்கு வருகிறவர். அகலமான எட்டாம் நம்பர். வருடத்துக்கு இரண்டு ஜோடி, இரண்டும் கறுப்பு. சீட்டுகளை மேஜைமேல் வரிசையாக வைத்து மூன்று தடவை படித்தார். "வீங்கியிருக்குன்னு நீங்க சொன்னா கற்பனைம்பாங்க. இது அவங்களே எழுதினது, அவங்களே குத்தின முத்திரை. ஒண்ணையும் தொலைச்சுடாதீங்கக்கா" என்றார். என் பெயரில் ஆட்கொணர்வு மனு போட்டார். தம்பியை நீதிமன்றத்துக்குக் கொண்டு வந்து காட்ட வேண்டும், மருத்துவர்கள் அவனைப் பார்க்க வேண்டும் என்பதுதான் கோரிக்கை.

அரசுத் தரப்பில் பதில் மனு வந்தது. தம்பி நல்ல உடல்நிலையில் இருக்கிறானாம். செருப்பின் எண் எழுத்தர் செய்த பிழையாம். அவனை அழைத்துவர நீதிபதி தேதி குறித்தார். அன்றைக்கு வண்டி இல்லை என்றார்கள். அடுத்த தேதியில் பாதுகாப்புக் காரணம் என்றார்கள்.

"எதுக்கு இழுத்தடிக்கிறாங்க?" என்று கேட்டேன்.

"வீக்கம் வடியட்டும்னுதான்" என்றார் வக்கீலம்மா. "கால் பழையபடி ஆயிட்டா நம்ம கையில ரெண்டு சீட்டும் பிஞ்ச செருப்பும்தான் மிஞ்சும். சீட்டைப் பிழைன்னு சொல்லியாச்சு, செருப்பு யாரோடதுன்னு கேப்பாங்க. அப்புறம் அவனை மறுபடி அங்கேயேதான் அனுப்புவாங்க."

மறுபடி அங்கேயே என்ற வார்த்தை என் காதிலேயே நின்றுவிட்டது. வீட்டில் அம்மாவுக்கு எதுவும் சொல்லவில்லை. பத்தாம் நம்பரில் ஒரு ஜோடி உள்ளே போய்விட்டது, காகிதத்தில் சுற்றி வைத்திருந்த இன்னொரு ஜோடியை அவள் எப்படியோ பார்த்துவிட்டாள்.

"இது யாருக்குடி, இவ்வளவு பெருசா?"

"கடைக்கு வர்றவர் ஒருத்தருக்கு."

"அதானே பார்த்தேன். நம்ம பிள்ளைக்கு உங்கப்பா கால். ஏழைத் தாண்டாது" என்றாள். நான் பாத்திரம் கழுவப் போய்விட்டேன்.

மூன்றாவது தேதியில், காலை பதினொரு மணிக்கு அவனைக் கொண்டு வந்தார்கள். புதுக் கறுப்பு ஷூ, சாக்ஸ், இஸ்திரி போட்ட சட்டை. என் தம்பி பிறந்ததிலிருந்து ஷூ போட்டவன் இல்லை. எல்லோரும் அவன் முகத்தைப் பார்த்தார்கள், நான் காலைப் பார்த்தேன். குதிகாலை ஊன்றாமல், வெயிலில் சுடுகிற தரையில் வெறுங்காலோடு நடக்கிறவனைப் போல் நடந்து வந்தான். ஷூ ஒன்பதாம் நம்பர். நாடாவைக் கட்டாமல் உள்ளே செருகியிருந்தார்கள்.

"யார் துணையும் இல்லாம அவரே நடந்து வந்ததைக் கோர்ட் பார்த்தது" என்றார் அரசு வக்கீல்.

நீதிபதி தம்பியைப் பார்த்து, "உங்களை யாராவது அடிச்சாங்களா?" என்று கேட்டார். அவன் இரண்டு பக்கமும் நின்ற காவலர்களைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான்.

"இல்லைங்க ஐயா."

அவ்வளவுதான், இதோடு முடித்துத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தேன். வக்கீலம்மா உட்காரவில்லை.

"ஐயா, செருப்பு நம்பர் எழுத்தர் பிழைன்னு பதில் மனுவில சொல்லியிருக்காங்க. பிழையா இல்லையான்னு இங்கேயே அளந்து பார்த்துடலாம். மனுதாரருக்குத் தொழிலே அதுதான்."

"இது கோர்ட்டா, செருப்புக் கடையா?" என்றார் அரசு வக்கீல். பின் வரிசையில் சிரித்தார்கள். நீதிபதியின் உதட்டிலும் ஒரு சிரிப்பு வந்து போனது.

"நம்பர்தானே சந்தேகம்? அளந்துட்டுப் போகட்டும்" என்றார் அவர்.

அளவுப் பலகை என் பையில் இருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று முதலாளி திணித்து அனுப்பியது. தம்பியை ஒரு நாற்காலியில் உட்காரவைத்தார்கள். நான் தரையில் மண்டியிட்டு, தினமும் செய்வதுபோல அவன் குதிகாலைக் கையில் ஏந்தினேன். அவன் மூச்சை உள்ளே இழுத்தான். ஷூ எளிதாக வந்துவிட்டது. சாக்ஸ் வரவில்லை, தோலோடு ஒட்டியிருந்தது. வக்கீலம்மா தண்ணீர் பாட்டிலை நீட்டினார். நனைத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்தேன். பெருவிரலில் நகம் இல்லை. உள்ளங்கால் முழுக்க மஞ்சளும் ஊதாவுமாக இருந்தது, குறுக்கே வரிவரியாகத் தோல் வெடித்திருந்தது. வீக்கம் பாதிதான் வடிந்திருந்தது. சிரித்தவர்கள் சிரிப்பை நிறுத்தியிருந்தார்கள்.

பலகையில் வைத்து அளந்து, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். "நீளம் ஏழு. அகலம் எட்டரை. எலும்பு இன்னும் ஏழாம் நம்பர்தாங்க, ஐயா. மீதியெல்லாம் உள்ளே போனப்புறம் ஏறினது."

"அடிக்கலைன்னு அவரே சொல்லிட்டார்" என்றார் அரசு வக்கீல்.

அதற்குப் பதில் சொல்ல எனக்கு எந்தச் சட்டமும் தெரியாது. கையில் தம்பியின் கால் இருந்தது. பதினெட்டு வருடப் பழக்கத்தில் வாய் தானாகக் கேட்டது.

"எங்கேப்பா உறுத்துது?"

அவன் என்னைப் பார்த்தான். அன்றைக்கு முதல் தடவையாக நேராகப் பார்த்தான். உதடு கோணிக்கொண்டது.

"எல்லா இடத்துலயும்கா" என்றான். பிறகு நிறுத்த முடியாமல், "நீ அனுப்பின ஏழாம் நம்பரைப் போட்டுப் பார்த்தேன்கா. நுழையல. அதையே மாட்டிக்கிட்டு நிக்கச் சொல்லிச் சொல்லி அடிச்சாங்க, அதுல வார் பிஞ்சு போச்சு. நீ பார்த்துப் பார்த்து எடுத்திருப்பே" என்று, ஏதோ தப்புச் செய்தவனைப் போல என்னிடம் சொல்லி அழுதான்.

சுருக்கெழுத்தர் கையைத் தூக்கி, இதையும் எழுதவா என்று கேட்டார்.

"அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்க" என்றார் நீதிபதி.

விடுதலை கிடைக்கவில்லை. அப்படி ஒரே நாளில் கிடைக்கிற சட்டம் அது இல்லை. பொது மருத்துவமனையில் சேர்க்க வேண்டும், மூன்று மருத்துவர்கள் பார்த்து அறிக்கை தர வேண்டும், பழைய இடத்துக்கு அவனைத் திருப்பிக் கொண்டுபோகக் கூடாது, அக்காவும் அம்மாவும் தினமும் பார்க்கலாம் என்று உத்தரவானது. எனக்கு அந்த 'கூடாது' போதுமாக இருந்தது. காவலர் ஒருவர் குனிந்து ஷூவை எடுத்துக்கொண்டார். அது அலுவலகச் சொத்தாம்.

நான் பையிலிருந்த பத்தாம் நம்பரை எடுத்துக் காகிதத்தைப் பிரித்தேன். வாரைக் கையால் நன்றாக நெகிழ்த்திவிட்டு, முதலில் இடது காலிலும் பிறகு வலது காலிலும் மாட்டினேன். நான் முதல் தடவையே அனுப்பியிருக்க வேண்டிய செருப்பு அது. இப்போது நீளத்தில் ஓர் அங்குலம் மிச்சமிருந்தது. அவனும் அதைப் பார்த்தான்.

"சரியா இருக்குக்கா" என்றான்.