ரைஸ்மில் வரைக்கும் ஒரு டிக்கெட்

இப்போதெல்லாம் ஒருத்தன் தன் செலவைத் தூக்கி இன்னொருத்தன் தலையில் வைத்துவிட்டு, வைத்ததற்கு நன்றியும் எதிர்பார்க்கிறான். முதலாளி அரசாங்கத்தின் தலையில் வைக்கிறான். அரசாங்கம் கண்டக்டர் தலையில் வைக்கிறது. கண்டக்டர் பொம்பளைகள் தலையில் வைக்கிறான். கடைசியில் பார்த்தால், வேலைவெட்டி இல்லாத நான் விடிந்ததும் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு பஸ் நிறுத்தத்தில் நிற்கிறேன்.

என் மருமகள் மோனிகா கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பிளாஸ்டிக் மூடி செய்கிற ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை பார்க்கிறாள். எங்கள் ஊரிலிருந்து அவளோடு இன்னும் ஏழெட்டுப் பெண்கள் போகிறார்கள். முன்பெல்லாம் கம்பெனி வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும். சம்பளம் பத்தவில்லை என்று இவர்கள் எல்லாரும் சேர்ந்து போய்க் கேட்டபோது, முதலாளி வெங்கடேசன் உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்துப் பேசினாராம். கரண்டு பில் ஏறிவிட்டது, பிளாஸ்டிக் குருணை விலை ஏறிவிட்டது, மூடியை வாங்குகிற பெரிய கம்பெனிக்காரன் மட்டும் விலையை ஏற்ற மாட்டேன் என்கிறான் என்று அழாத குறையாகச் சொன்னாராம். "கவர்மெண்டுதான் உங்களுக்கு பஸ்ஸ ஃப்ரீயா வுட்டுருக்கே, வேன் எதுக்கு? வேன நிறுத்திட்டு அந்தக் காசுல ஏத்திக் குடுக்கறேன்" என்றாராம். டீ வாங்கிக் கொடுக்கிற முதலாளியை நம்பாதே என்று அன்றைக்கே மோனிகாவிடம் சொன்னேன். ஆனால் பொய் சொல்லக் கூடாது. அடுத்த சம்பளத்திலேயே கொஞ்சம் ஏற்றிக் கொடுத்தார்.

பஸ்தான் நிற்கவில்லை.

பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. தூரத்திலிருந்து பார்க்கும்போது நிறுத்தத்தில் வெறும் புடவையும் சுடிதாருமாகத் தெரிந்தால், டிரைவர் பஸ்ஸை நடு ரோட்டுக்கு ஒடித்துக்கொண்டு போய்விடுவான். இதுகள் கையை நீட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடும். அடுத்த பஸ்ஸில் போனால் கம்பெனி கேட் சாத்தியிருக்கும், அரை நாள் சம்பளம் போகும். மோனிகாவுக்கு அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. சாப்பாட்டு நேரத்திலெல்லாம் மிஷின் பக்கத்தில் நின்று நின்று அவள் வேலையைக் கற்றுக்கொண்டிருந்தாள். மிஷின் ஓட்டுகிறவர்களுக்குச் சம்பளம் வேறு. மாதம் முடியும்வரை இனி ஒரு தடவைகூட லேட் ஆகாமல் வந்தால் அவளை மிஷினில் போடுவதாகச் சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். என் மகன் பென்னி காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் கான்ட்ராக்டில் வெல்டிங் பண்ணுகிறான். கப்பல் வந்தால் வேலை, வராவிட்டால் வீடு. மிஷின் கிடைத்தால் எங்கள் வீட்டில் மூச்சு விடலாம்.

ஒருநாள் காலையில் டீ குடித்துவிட்டுச் சும்மா நிறுத்தத்துப் பக்கம் நின்றிருந்தேன். வெள்ளை வேட்டியைப் பார்த்ததும் பஸ் என் காலடியில் வந்து நின்றது. நான் கையைக்கூடத் தூக்கவில்லை. பெண்கள் எல்லாம் என்னைத் தள்ளிக்கொண்டு ஏறிப் போய்விட்டார்கள்.

அன்று சாயங்காலமே திலகவதி வந்துவிட்டாள். அந்தக் கூட்டத்துக்கு அவள்தான் வாய்.

"பெருசு, நாளிக்கும் வந்து நில்லு."

"எனக்கு வேற வேல இல்லியா?"

"இன்னா வேல? நியூஸ் பாத்துக்கினு டிவியத் திட்டுவ. அத வந்து திட்டிக்கோ."

"நின்னா பஸ்ஸு நிக்கும். ஏறாம வுட்டா மறுநாள் நிக்குமா? டிக்கெட்டுக்கு டப்பு யாரு குடுப்பா?"

"ஆளுக்கு ஒருநாள் நாங்க குடுக்கறோம். அடுத்த ஸ்டாப்பு ரைஸ்மில்லுல எறங்கி நடந்து வந்துடு. இதுவும் வேலதான் நைனா."

"பி.எஃப். புடிப்பீங்களா?"

"பி.எஃப். இல்ல. நாஷ்டாவுக்கு ரெண்டு போண்டா உண்டு."

ஓசி பஸ்ஸில் போவதற்காகக் காசு கொடுத்து ஓர் ஆம்பளையை வேலைக்கு வைக்கிற ஊர் வேறெங்காவது இருக்குமா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் போனேன். மூடிக் கிடக்கும் ரேஷன் கடைக்குப் பின்னால் அவர்கள் ஒளிந்துகொள்வார்கள். நான் முன்னால் நிற்பேன். பஸ் நின்றதும் கோழிக்கூண்டைத் திறந்த மாதிரி ஓடி வருவார்கள். டிரைவர் தலையில் அடித்துக்கொள்வான். நான் ரைஸ்மில்லுக்கு ஒரு டிக்கெட் எடுத்து, இறங்கி, நடந்து திரும்புவேன். ஒரு பக்கம் இன்னும் நெல் இருக்கிறது. இன்னொரு பக்கம் தகரக் கொட்டகை போட்ட கிடங்குகள். எதில் யாருக்கு லாபம் என்று யோசித்துக்கொண்டே வந்தால் வீடு வந்துவிடும்.

கண்டக்டர் மோகன்ராஜ் சின்ன வயசுதான். கண் மட்டும் கூர்மை. மாதக் கடைசிக்கு முந்தின நாள் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே கேட்டான்.

"பெருசு, டெய்லி ரைஸ்மில்லு, ரைஸ்மில்லுன்ற. அந்த மில்ல மூடி எவ்ளோ நாளாச்சு. அங்க இன்னா பண்ற?"

"சொந்தக்காரன் ஒருத்தன் ஒடம்பு முடியாம கீறான். பாக்கப் போறேன்."

"அங்க ஊடே இல்லியே."

"மில்லுக்குள்ளதான் படுத்துக்கினு கீறான்."

பின் சீட்டில் அந்தக் கூட்டத்து ஞானம்மா வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டாள். அடைத்தும் சிரிப்பு வெளியே வந்துவிட்டது. ஒருத்தி சிரித்தால் போதாதா, பஸ் மொத்தமும் சிரித்தது. மோகன்ராஜ் அவளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், என் சலவைச் சட்டையைப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது. அவன் முகம் சிரிக்கவில்லை.

"ஓ. வண்டிய நிறுத்த ஆள் செட் பண்ணிக் கீறீங்க."

"நீங்க நிறுத்துனா நாங்க ஏன் செட் பண்றோம்?" என்றாள் திலகவதி. "உன் ஊட்டுப் பணத்துலயா நாங்க போறோம்? எங்க டிக்கெட்டுக்கு கவர்மெண்டு உங்களுக்குக் குடுக்குதில்ல?"

"கவர்மெண்டு குடுக்கறது என் பையிலியா வருது? கூட்டம் ஏறினா வண்டி லேட்டு. லேட்டானா மெமோ எனக்கு. நானும் கான்ட்ராக்ட்டுதாம்மா. என் சம்பளத்தக் கேட்டா பெருசே எனக்கு ஒரு டிக்கெட் எடுத்துக் குடுக்கும்."

"குடுக்க மாட்டேன்" என்றேன்.

மறுபடி சிரிப்பு. இந்தத் தடவை அவனும் கொஞ்சம் சிரித்தான். அப்போதுதான் மோனிகா எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தாள். அவள் அதிகம் பேசுகிறவள் இல்லை.

"அண்ணே, நாளிக்கு ஒருநாள் லேட்டாவாம போயிட்டேன்னா என்னை மிஷின்ல போடுவாங்க. அவ்ளோதான்."

மோகன்ராஜ் விசிலை வாயில் வைத்தபடியே நின்றான். ரைஸ்மில் வந்தது. நான் இறங்கும்போது என் தோளைத் தொட்டான்.

"நாளைலேர்ந்து நீ வராத பெருசு. டிரைவர் கிட்ட நான் பேசறேன். நிப்போம்."

இப்படிச் சொல்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ரோலிங் மில்லில் இரும்பு தூக்கிய காலத்தில் பெர்மனென்ட் ஆக்குகிறேன் என்று ஒருத்தர் என் தோளைத் தொட்டுத்தான் சொன்னார். அவர் ரிட்டயர் ஆகி, நானும் முதுகு போய் வெளியே வந்து, மில்லும் கைமாறிவிட்டது. அதனால் ராத்திரி சாப்பிடும்போதே சொல்லிவிட்டேன், நாளைக்கும் நான் வருவேன் என்று.

"வராதீங்க மாமா" என்றாள் மோனிகா.

"வேற நாளா இருந்தா சரி. நாளிக்குப் போயா சோதன பண்ணுவ?"

"நீங்க வந்து நின்னா அந்த அண்ணன நம்பலன்னு ஆயிடும்."

"நம்பலதான்."

"நீங்க எத்தினி வருசம் நிப்பீங்க மாமா? எங்களுக்காக நிக்கணும் அந்த பஸ்ஸு. உங்க வேட்டிக்காக இல்ல."

தட்டில் இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றிவிட்டுப் போய்விட்டாள். மிஷின் இன்னும் கைக்கு வரவில்லை, அதற்குள் பேச்சைப் பார் என்று நினைத்துக்கொண்டேன்.

காலையில் வீட்டில் இருக்க முடியவில்லை. அவர்கள் கிளம்பிப் போன பிறகு, வயல் வரப்பு வழியாகச் சுற்றிக்கொண்டு போய் டிரான்ஸ்ஃபார்மருக்குப் பக்கத்தில் இருக்கும் வேலமரத்துக்குப் பின்னால் நின்றேன். அன்றைக்கு அவர்கள் ரேஷன் கடைக்குப் பின்னால் ஒளியவில்லை. ரோட்டோரமாக வரிசையாக நின்றார்கள், டிபன் பைகளோடு. மோனிகா முதல் ஆளாக நின்றாள். யாரும் கையை நீட்டவில்லை. அதைப் பார்க்கவே எனக்கு எரிச்சலாக இருந்தது. கையையாவது நீட்டித் தொலையேன்.

பஸ் வந்தது. வந்த வேகத்தில் அவர்களைத் தாண்டிப் போனது. என் வாயில் வந்த கெட்ட வார்த்தையை இங்கே எழுத முடியாது. அது முடிவதற்குள் பின்னால் இரண்டு சிவப்பு விளக்கும் எரிந்தன. புழுதி பறக்க பஸ் நின்றது. மோகன்ராஜ் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு, "ஓடியா, ஓடியா, ஆடி அசைஞ்சு வர்ற நேரமா இது!" என்று கத்தினான். ஞானம்மாவின் செருப்பு ஒன்று கழன்று ரோட்டிலேயே கிடந்தது. திரும்பி ஓடி அதைக் கையில் எடுத்துக்கொண்டு ஏறினாள். மோனிகா எல்லாரையும் ஏற்றிவிட்டுக் கடைசியாக ஏறினாள்.

பஸ் நகரும்போது ஜன்னலிலிருந்து அவள் கை நீண்டது. நேராக வேலமரத்தைப் பார்த்து ஆட்டினாள்.

குனிந்து பார்த்தேன். காற்றில் என் வேட்டி மரத்துக்கு வெளியே பாதி ரோடு வரைக்கும் பறந்துகொண்டிருந்தது. அவளுக்கே தெரிந்திருக்கிறது என்றால் டிரைவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? தாண்டிப் போனவன் வேட்டியைப் பார்த்துத்தான் பிரேக்கைப் போட்டிருப்பான். சொன்னால் அந்தப் பெண்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

வீட்டுப் பக்கம் திரும்ப வேண்டியவன், பழக்கத்தில் ரைஸ்மில் பக்கமாக நடந்தேன். சட்டைப் பையில், இன்றைக்குக் கொடுக்க முறை வந்திருந்த ஷைனி நேற்றே கொடுத்து வைத்திருந்த டிக்கெட் காசு குலுங்கியது. மில் சுவர் ரோட்டை விட்டு நன்றாக உள்ளே தள்ளி, ஆள் உயரத்துக்கு இருக்கிறது. என் வேட்டி கண்ணில் படாவிட்டாலும் பஸ் அவர்களை ஏற்றிக்கொண்டு வருகிறதா என்று நாளைக்கு அதற்குப் பின்னால் நின்று பார்க்க வேண்டும். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு.