முத்துமணி கேக் வெட்ட மறுத்தது

நெபுலாகிரி டெக்னாலஜிஸ் ஓசூரில், பாகலூர் சாலையில் ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது. சிப்காட் தொழிற்சாலைகளுக்குள் எத்தனை போல்ட் வந்தது, எத்தனை வெளியே போனது என்று கணக்கு வைக்கும் மென்பொருள் எழுதுவது அதன் தொழில். மொத்தம் இருபது சொச்சம் பேர். பாதிப் பேர் வைஸ் பிரசிடெண்ட், மீதிப் பேர் ஏதாவது ஒன்றுக்கு ஹெட். எதற்கு ஹெட் என்று கேட்டால் கழுத்தில் தொங்கும் அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொல்வார்கள்.

முத்துமணி பன்னிரண்டு வருடமாக அங்கே கம்ப்யூட்டர் கோடு எழுதுகிறான். டெவலப்பராகச் சேர்ந்து, சீனியர், லீட், ஸ்டாஃப் இன்ஜினியர் என்று ஏறி, போன வருடம் பிரின்சிபல் ஆர்க்கிடெக்ட் ஆனான். ஏறியதெல்லாம் பெயர்தான். சம்பளம் கீழே டயர் கடை வாசலில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. பட்டம் பெங்களூரு ரேட், சம்பளம் ஓசூர் ரேட் என்பது நிர்வாகத்தின் கொள்கை.

பதவி உயர்வு கொடுக்கும் முறையும் அங்கே தனி. முன்பெல்லாம் கடிதம் கொடுத்தார்கள். வாங்கியவர்கள் அதைக் காட்டியே மறுவாரம் எல்லையிலுள்ள அத்திப்பள்ளியைத் தாண்டி பெங்களூரில் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். எனவே கடிதம் நின்றது, கேக் வந்தது. பட்டத்தின் பெயர் எழுதிய கேக். அதை வெட்டும்போது ஹெச்.ஆர். தலைவர் ஜெகதீஷ் தன் போனில் படம் எடுப்பார். படம் தானாகவே ஆபீஸ் கணினிக்குப் போகும். கத்தியைப் பிடித்திருப்பவர் யாரோ, அந்த நிமிடம் முதல் பதவி அவருக்கு. கேக்கைத் தூக்கிக்கொண்டு யாரும் பெங்களூருக்கு வேலை கேட்டுப் போக முடியாது அல்லவா.

இப்படியே ஓடியிருக்கும். கல்லூரி முடித்த கையோடு டெவலப்பராகச் சேர்ந்த ஸ்வாதி ஒருநாள், "சார், பி.எஃப். சரியாப் புடிச்சிருக்காங்களா பாருங்க," என்று சம்பளச் சீட்டை நீட்டினாள். முத்துமணி பார்த்தான். பி.எஃப். சரியாக இருந்தது. சம்பளம் அவனுடையதைப் போல இரண்டு மடங்கு இருந்தது.

அவன் மனைவி அருணா உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் தரம் பார்க்கும் வேலையில் இருக்கிறாள்.

"ஓவர்டைம் போட்டா ஆர்க்கிடெக்டவிட நான்தான் அதிகம் வாங்கறன்," என்றாள். "போயி சம்பளத்தக் கேளுங்க. இந்த வாட்டியும் கேக்கோட வந்தீங்கன்னா, பேசாம பெங்களூரு பஸ்ஸப் புடிங்க. இருட்டோட போயி இருட்டோட வாங்க. மூஞ்சி மறந்துபோச்சுன்னா நான் வீடியோ கால் பண்றன்."

யாரையும் 'குரு' என்றே கூப்பிடும் ஜெகதீஷ் மறுநாள் கையை விரித்தார். "குரு, ஏத்தணும்னு எனக்கு ஆசை இல்லியா? பழைய ஆளுக்கு ரூல்ஸ் இருக்குது. வருசத்துக்கு மூணு பர்சென்ட்டு. புது ஆளுக்குத்தான் மார்க்கெட் ரேட்டு."

"அப்ப நான் புதுசா வந்தா?"

ஜெகதீஷ் யோசித்தார். அவர் யோசித்து அதுவரை யாரும் பார்த்ததில்லை.

"டெவலப்பர் போஸ்ட் ஒண்ணு காலியாத்தான் இருக்குது. அப்ளை பண்ணுங்க. ஆனா இன்டர்வியூ உண்டு."

முத்துமணி காலையில் ராஜினாமா எழுதினான், மத்தியானம் விண்ணப்பித்தான். ஒரு சிக்கல் வந்தது. டெவலப்பர்களைத் தேர்வு செய்ய வேண்டியவர் பிரின்சிபல் ஆர்க்கிடெக்ட். நோட்டீஸ் காலம் முடியும்வரை அது முத்துமணிதான். ஜெகதீஷ் விதியை மீறாதவர். மேசைக்கு இரண்டு பக்கமும் நாற்காலி போட்டார்.

முத்துமணி அந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டான். "முன்ன பாத்த வேலைய ஏன் வுட்டீங்க?"

மேசையைச் சுற்றி வந்து இந்தப் பக்கம் உட்கார்ந்தான். "சம்பளம் பத்தல சார்."

மறுபடி சுற்றிப் போனான். "எல்லாரும் இதையேதான் சொல்றீங்க."

அந்தச் சலிப்பு நடிப்பில்லை என்பது அவனுக்கே தெரிந்தது. அந்த நாற்காலியின் ராசி அப்படி. எதிர்பார்க்கும் சம்பளம் எவ்வளவு என்று கேட்டு, பதில் வந்ததும், கை தானாகப் பேனாவை எடுத்து அதில் கால்வாசியை அடித்தது.

"சார், அடிக்காதீங்க சார்," என்றான் இந்தப் பக்கம் ஓடி வந்து.

"உன் அனுபவத்துக்கு இதுவே அதிகம்பா," என்றான் அந்தப் பக்கம் போய், மூச்சு வாங்க.

ஜெகதீஷ் குறுக்கிட்டு, ஸ்வாதி வாங்கும் சம்பளத்துக்கு இருவரையும் ஒத்துக்கொள்ள வைத்தார். பிறகு டீக்கடையில், "வந்த ஆளு தங்கமான ஆளு. எடுத்தவன்தான் திமிரு புடிச்சவன்," என்று சொன்னாராம்.

மாதக் கடைசியில் முத்துமணிக்குச் சால்வையும் சுவர்க்கடிகாரமும் கொடுத்து வழியனுப்பினார்கள். மறுநாள் காலை வரவேற்றார்கள். "ஸ்வாதி, புது ஆளு. வேலை சொல்லிக்குடு," என்றார் ஜெகதீஷ். அவள் பழக்கத்தில் எழுந்து நின்றாள். "உக்காரும்மா. உனக்கு ஜூனியரு."

முதல் சம்பளக் குறுஞ்செய்தியை அருணா இரண்டு தரம் படித்தாள். "டெவலப்பரே, காபி போடட்டுமா?" என்றாள். கல்யாணமான புதிதில் கேட்ட குரல்.

அடுத்த நாளே ஆபீஸ் நடு மேசையில் ஒரு கேக் இருந்தது. மேலே 'பிரின்சிபல் ஆர்க்கிடெக்ட்' என்று எழுதியிருந்தது.

"அந்த சீட்டு காலியா கெடக்குது குரு," என்றார் ஜெகதீஷ். "பூராப் பேரையும் அலசிட்டோம். உங்களவுட்டா தகுதியான ஆளு இல்ல."

"சம்பளம்?"

"அந்த கிரேடுக்கு என்னவோ அது. முன்ன இருந்தவரு வாங்கினதுதான். பாவம், நல்ல மனுசன், வாயே தெறக்க மாட்டாரு."

முத்துமணி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான். "எனக்கு சுகர்ங்க."

"திங்க வேணாம், வெட்டினாப் போதும்."

"கை சுளுக்கிக்கிச்சு."

"எடது கையில வெட்டுங்க."

"மாமனாரு ஊரு சானமாவுக் காட்டுப் பக்கம். யானை எறங்கிடுச்சாம், நான் போவணும்."

"யானை காட்டுக்குள்ள போற வரைக்கும் கேக்கு இருக்கும்," என்றார் ஜெகதீஷ்.

இருந்தது. வைஸ் பிரசிடெண்டுகள் கைகளைப் பாக்கெட்டில் விட்டபடி அந்த மேசையைச் சுற்றிக்கொண்டு போனார்கள். ஹெட்டுகள் டயர் கடை வழியாக வந்து பின் படிக்கட்டில் ஏறினார்கள். முத்துமணி குனிந்த தலை நிமிராமல் கோடு எழுதினான். கேக்கின் மேல் க்ரீம் வாடியது. டயர் கடையிலிருந்து எறும்புச் சாரை ஒன்று மாடிப்படி ஏறியது.

ஆபீஸைக் கூட்டித் துடைக்கும் மாதேஸ்வரிக்குத்தான் பொறுக்கவில்லை.

"இத்தன படிச்சவங்க இருந்தும் ஒரு கேக்கத் திங்கத் தெரியல. நான் எத்தன வாட்டி தொடைக்கறது," என்று கத்தியை எடுத்து நடுவில் இறக்கினாள்.

கத்தி இறங்கியதைப் பார்த்ததும் ஜெகதீஷின் கை பழக்கத்தில் படம் எடுத்துவிட்டது. எல்லோரும் பழக்கத்தில் கைதட்டினார்கள். போன் பழக்கத்தில் படத்தைக் கணினிக்கு அனுப்பியது. அதற்குப் பிறகுதான் கத்தி யார் கையில் என்று பார்த்தார்கள்.

விஷயத்தைச் சொன்னார்கள். மாதேஸ்வரி கத்தியைத் துணியில் துடைத்து வைத்தாள்.

"சம்பளம் எவ்ளோ கொறையும் சார்?"

"உனக்குக் கான்ட்ராக்ட்காரரு குடுக்கறாரு. அதுல நாங்க கைவெக்க முடியாதும்மா. பேரு மட்டுந்தான்."

"அப்ப வேலையும் இதேதான், சொல்லிட்டன்," என்றாள் பிரின்சிபல் ஆர்க்கிடெக்ட்.

முத்துமணியின் சம்பளம் பிழைத்தது. இப்போது அவன் லீவு கேட்க வேண்டியது அவளிடம். அடுத்த வாரம் தேன்கனிக்கோட்டையில் ஒரு கல்யாணம் என்று போய் நின்றான். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, அதுவரை அவனை சார் என்று கூப்பிட்டவள் சொன்னாள்.

"போய்ட்டு வா தம்பி. அதுக்கு முந்தி உன் டீ டம்ளரக் கழுவி வெய்யி."

பன்னிரண்டு வருடத்தில் மேலதிகாரி சொல்லி அவனுக்கு முழுதாகப் புரிந்த முதல் உத்தரவு அது. கழுவி வைத்தான்.