கொளஞ்சியப்பன் சட்டை

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மறைத்துவிட்டான் என்று பிற்பாடு பேச்சு வரக் கூடாது.

போன தை மாதம் எங்கள் ஊர்ப் பால் சொசைட்டியில் மாட்டு முகாம் போட்டார்கள். கள்ளக்குறிச்சியிலிருந்து அனிட்டா என்று ஒரு டாக்டரம்மா வந்திருந்தார். நான் ஐம்பது வருஷம் வீடு வீடாகப் போய்ப் பால் கறந்தவன். மாட்டைப் பற்றி எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. பந்தல் நிழலுக்காகத்தான் உட்கார்ந்தேன்.

பழகின கை தொட்டால் மாட்டின் மூளையில் ஒன்று சுரக்குமாம். அது ரத்தத்தில் கலந்து மடிக்கு வந்தால்தான் பால் இறங்குமாம். மாடு பயந்தால் வேறொன்று சுரந்து அதைத் தடுத்துவிடுமாம். மேலே கை வைத்துத் தடவினால் அந்தப் பயம் அடங்குமாம். முதலில் சொன்னதற்கு ஆக்சிடோசின் என்று பெயர். நான் நாலாவதுதான் படித்தவன். என் நோட்டில் அவரையே எழுதித் தரச் சொன்னேன்.

"பழகின ஆளு துணி வாசனைக்கும் எறங்குமா?" என்று கேட்டேன்.

"எறங்கும் தாத்தா. எல்லாம் பழக்கம்தானே. சத்தம், வாசனை, எதுக்கு வேணா எறங்கும்."

"துவைச்ச துணின்னா?"

"துவைச்சப்புறம் வாசனை ஏது?" என்று சிரித்தார். "பொம்பளைங்களுக்கும் இதேதான். ரொம்பப் பயந்துட்டா தாய்ப்பால் எறங்காது."

எழுந்து வந்துவிட்டேன். மத்தியானம் பிரியாணி போட்டார்கள். சாப்பிடவில்லை.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

எண்பத்தேழாம் வருஷம் புரட்டாசி மாதம், வானம் கறுத்து, பெண்ணையாற்றுப் பக்கமிருந்து காற்று

அன்றைக்கு வானம் எப்படி இருந்தது என்று எனக்கு ஞாபகமில்லை. ஞாபகமில்லாததை எழுதுகிறவனை நான் நம்ப மாட்டேன். அதோடு விட்டுவிட்டேன்.

இட ஒதுக்கீடு கேட்டு ஏழு நாள் ரோட்டை மறித்தார்கள். புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டார்கள். மணலூர்பேட்டைக்கு பஸ் இல்லை, பால் வண்டி இல்லை, கடையில் பால்பவுடர் இல்லை. இது போதும். கேட்டது சரியா தப்பா என்று இந்தக் கதை பேசாது. அவர்கள் ஒரு தெரு, மாதா கோயில் பக்கம் இருந்த நாங்கள் வேறு தெரு. அவ்வளவு தெரிந்தால் மீதி உங்களுக்கே புரியும்.

மரம் வெட்டியவர்களில் கொளஞ்சியப்பன் ஒருவன். கரும்பு வைத்திருந்தான். என் வயசுதான். போலீஸ் தேடியதும் கல்வராயன் மலையில் ஏறி வெள்ளிமலைப் பக்கம் போய்விட்டான். (எழுத்தில் 'அவன்' போடுகிறேன். நேரில் 'ங்க' போட்டுத்தான் பேசுவேன், இன்றைக்கும்.)

வீட்டில் அவன் அம்மா லட்சுமியம்மாள், பெண்டாட்டி செவ்வந்தி, நாற்பது நாள் பெண் குழந்தை. போலீஸ் கதவை உதைத்த அன்றே செவ்வந்திக்குப் பால் நின்றுவிட்டது. கொட்டகையில் ஒரு செவலைப் பசு இருந்தது. கன்று செத்த பிறகு அது கொளஞ்சியப்பன் கையைத் தவிர வேறு கைக்கு இறங்காது.

[ஊரில் வேறு மாடே இல்லையா என்று கேட்பீர்கள். அவர்கள் வீடு கரும்புக்காட்டு நடுவில் தனியாக இருந்தது. ஊருக்குப் போகிற வழியில் போலீஸ் நின்றது. எங்கள் தெரு மட்டும் வாய்க்காலைத் தாண்டினால் வந்துவிடும்.]

3

லட்சுமியம்மாளைக் கெட்டவளாக எழுதி நாலு பக்கம் வீணானது. அவள் கெட்டவள் இல்லை. என் பெண்டாட்டி பாக்கியம் பிள்ளை பெற்றுக் கிடந்தபோது கருப்பட்டி கொடுத்தவள். தூக்கிப் போட்டுத்தான் கொடுப்பாள். ஆனால் கொடுப்பாள்.

வாய்க்கால் கரையில் நின்று என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். "டேய் தைரியம், வந்து மாட்டப் பாருடா. கொயந்த கத்திக்கினே இருக்குது."

போனேன். மாடு இரண்டு தடவை உதைத்தது. மடி கல் மாதிரி இருந்தது. பால் இருக்கிறது, விட மாட்டேன் என்கிறது.

"அம்மா, அவரு போட்டுக் கழட்டின அழுக்குச் சட்டை இருந்தா குடுங்க."

"இன்னாத்துக்குடா?"

"நான் போட்டுக்கணும்."

"இன்னா பேச்சு பேசற நீ? என் புள்ள மலையில கெடக்கறான். நீ அவன் சட்டைக்குள்ள பூந்துக்கப் பாக்கறியா?"

"எனக்கு வாணாம்மா. மாட்டுக்குத்தான். அவரு வாசன அடிச்சா வுடும்."

"அப்ப எந்த மாட்டுக்கும் எவன் சட்டை வேணா போட்டுக்குவியா? வேஷம் கட்டறவன் நீ."

உள்ளே இருந்து செவ்வந்தியின் குரல் வந்தது. நான் அந்தப் பெண்ணின் குரலைக் கேட்டதே அன்றுதான். "குடு அத்த. சட்ட பெருசா, புள்ள பெருசா?"

சட்டை வாசலில் வந்து விழுந்தது. கட்டம் போட்டது. காலர் கறுத்து, கரும்புச் சுணை ஒட்டியிருந்தது. அவன் ஓடின அன்று கழற்றிப் போட்டது. லட்சுமியம்மாள் சுத்தக்காரி, வேறு அழுக்குத் துணி அந்த வீட்டில் கிடையாது.

போட்டுக்கொண்டேன். செவலை என் அக்குளில் மூக்கை வைத்து வெகுநேரம் நின்றது. முதுகில் கை வைத்து, மெல்ல விலா வழியாக மடிக்கு இறக்கினேன். காம்பு இளகியது. ஒரு செம்பு நிறையக் கொடுத்தது. அந்தக் கொஞ்ச நேரம் அதற்கு நான்தான் கொளஞ்சியப்பன். எனக்கும் கூட, அந்தச் சட்டைக்குள் இருந்தபோது

வேண்டாம். அது இந்தக் கதைக்கு வேண்டாம்.

குழந்தை குடித்துவிட்டுத் தூங்கியது. உள்ளே அழுகைச் சத்தம் நின்றது எனக்குக் கேட்டது.

4

கறந்த பாலுக்குத் தீட்டு இல்லை. கறந்தவன் போட்ட சட்டைக்கு உண்டு.

கழற்றி வாசலில் வைத்தேன். லட்சுமியம்மாள் மாடு ஓட்டுகிற குச்சியால் அதை நெம்பித் தூக்கினாள். தூக்கிக்கொண்டு தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போனாள். என் தொண்டைக்கு ஒரு வார்த்தை வந்தது. "துவைக்கா"

இந்த இடத்தைப் பதினோரு தடவை எழுதிவிட்டேன். ஒரு தடவை, சொன்னேன் என்று எழுதினேன். ஒரு தடவை, சொன்னேன், அவள் காதில் விழவில்லை என்று. இன்னொரு தடவை, அவளுக்கே தெரியும் என்று நினைத்துவிட்டேன் என்று. அது நல்ல வாக்கியம். படிக்கிறவர்கள் நம்புவார்கள்.

நான் சொல்லவில்லை. அதுதான் நடந்தது. குச்சியாலா எடுக்கிறாய், துவை, நாளைக்கு மாடு உதைக்கட்டும், மறுபடி என்னிடம் வந்து நில் என்று விட்டுவிட்டேன். குழந்தை ஞாபகமே வரவில்லை.

மறுநாள் காலையில் சட்டை வேலியில் காய்ந்துகொண்டிருந்தது. சவுக்கார வாசனை. போட்டுக்கொண்டு கிட்டே போனேன். செவலை முகர்ந்துவிட்டுச் செம்பை உதைத்தது. எத்தனை தடவினாலும் ஒரு சொட்டு இல்லை.

"நேத்து குடுத்துச்சே, இன்னிக்கு இன்னாடா?"

"தெரியலம்மா" என்றேன்.

தெரியும்.*

* எங்கள் வீட்டில் ஒரு வெள்ளாடு பால் கறந்துகொண்டிருந்தது. 'கேட்டிருந்தாலும் எங்கள் தெருப் பால் வேண்டாம் என்றிருப்பாள்' என்று ஒரு வரி எழுதி வைத்திருந்தேன். நான் கேட்கவே இல்லை. கேட்காத கேள்விக்கு அவள் பதிலை நான் எழுதக் கூடாது.

5

முடிவு. டாக்டரம்மா சொன்னதை வைத்து ஒன்று எழுதிப் பார்த்தேன்:

நான் செவ்வந்தியிடம் சொல்கிறேன், "மாட்டு மேல முதுகச் சாச்சு உக்காரும்மா." அவள் குழந்தையோடு வந்து, படுத்திருக்கும் செவலையின் விலாவில் சாய்கிறாள். மாட்டின் சூடு அவள் முதுகில் ஏறுகிறது. அது மூச்சு விடும்போதெல்லாம் அவளும் ஏறி இறங்குகிறாள். மூன்று நாளாக இறுகியிருந்த தோள் தளர்கிறது. ரவிக்கை நனைகிறது. குழந்தை

பாக்கியத்துக்குப் படித்துக் காட்டினேன்.

"இது எப்ப நடந்துச்சு?" என்றாள்.

"நடக்கல."

"ஒரு பொம்பளையப் பாத்து அந்தப் பேச்சு பேசிட்டு, உசுரோட வந்திருப்பியா நீ?"

"வந்திருக்க மாட்டேன்."

"அப்ப இன்னாத்துக்கு எழுதற? புளுகறதுக்கு நோட்டு வேற."

இரண்டாவது முடிவில் கொளஞ்சியப்பனை மூன்றாம் நாளே மலையிலிருந்து இறக்கினேன். கைதானாலும் பரவாயில்லை என்று வந்து கறந்து கொடுத்துவிட்டு போலீஸ் லாரியில் ஏறுகிறான். அழகாகத்தான் இருந்தது. கிழித்துவிட்டேன்.

சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தார்கள், அரிசிக் கஞ்சி வடித்துக் கொடுத்தார்கள். வயிற்றுக்குப் போனது. ஐந்தாம் நாள் குழந்தை செத்தது. ஏழாம் நாள் மரங்களை அகற்றி ரோட்டைத் திறந்தார்கள்.

6

இத்தோடு நிறுத்தியிருந்தால் இது கதை. நிறுத்த முடியவில்லை.

கொளஞ்சியப்பன் ஊருக்கு வந்த மறுநாள் எங்கள் தெருவுக்குள் வந்தான். அவர்கள் வீட்டு ஆள் அதற்கு முன் வந்ததில்லை. என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். "ஒரு வேளையாவது அது வயிறு நெறஞ்சுதே தைரியம். நீதான்டா." பிறகு அழுதான். "நான் ஓடிட்டேன். மாடு ஏங்கிப்போய் நிறுத்திடுச்சு. என் புள்ளைய நான்தான் கொன்னேன்."

நான் வாயைத் திறக்கவில்லை.

மேலே கை பட்டால் பயம் அடங்கும் என்றார் டாக்டரம்மா. எனக்கு முதுகெல்லாம் வியர்த்தது, கையை உருவிக்கொள்ளப் பார்த்தேன். அதை அவன் துக்கம் என்று நினைத்து இன்னும் இறுக்கிப் பிடித்தான்.

செவலையை அந்த வாரமே விற்றான். அதற்குப் பிறகு அந்த வீட்டில் மாடு இல்லை, குழந்தையும் பிறக்கவில்லை. லட்சுமியம்மாள் போய்விட்டாள். போன வருஷம் செவ்வந்தியும். கொளஞ்சியப்பன் இருக்கிறான். பத்தாவது வரை படித்தவன். டீக்கடைக்கு வருகிற பத்திரிகையை அட்டை முதல் அட்டை வரை படிப்பான். நான் இதை அனுப்புவதும் அந்தப் பத்திரிகைக்குத்தான். ஒரு பெயரையும் மாற்றவில்லை.

முடிவைப் படிக்கிறவர்களிடம் விட்டுவிடுகிறேன் என்று எழுதத் தொடங்கினேன். அது பொய். உங்களிடம் விடவில்லை. உங்களுக்கு இதில் என்ன இருக்கிறது? ஒருத்தரிடம்தான் விடுகிறேன். மற்றவர்கள் இங்கேயே மூடிவிட்டுப் போகலாம்.

இதுவரைக்கும் படிச்சிட்டீங்களா? மாடு உங்கள நெனச்சு ஏங்கல. நீங்க கொல்லல. சட்டையத் துவைக்கப் போறாங்கன்னு தெரிஞ்சே சும்மா நின்னவன் நான். முப்பத்தேழு வருஷமா நீங்க சொமந்துக்கினு இருக்கறது என்னுது. காலையில பத்து மணி வரைக்கும் வூட்லதான் இருப்பேன். வாங்க. அடிக்கறதா இருந்தாலும் வாங்க. கையப் புடிக்கறதா இருந்தா வராதீங்க.