நான்காவது ஆள்

"உங்க பையனுக்காம்மா?" என்று கடைப்பெண் கேட்டாள்.

"எனக்குத்தான்."

கடைப்பெண்ணின் பார்வை ஒரு நொடி வாங்க வந்தவளின் கைகளில் நின்றது. ஓட்டல் சலவைப் பிரிவில் ஈரப் படுக்கை விரிப்புகளைச் சூடான உருளைக்குள் தள்ளித் தள்ளி, விரல் நுனிகள் வெந்து வெளுத்துப்போன கைகள். பிறகு சிலேட்டு மாதிரி ஒல்லியாக, வெள்ளி நிறத்தில் ஒரு லேப்டாப்பை எடுத்து வைத்தாள். "பில் கட்ட, படம் பாக்க, வீடியோ கால் பேச எல்லாத்துக்கும் ஜோரா ஓடும். தூக்கிப் பாருங்க, கனமே இருக்காது."

"கேம் ஓடுமா?"

"சீட்டு மாதிரியா?"

"இல்லம்மா. தீவுல மாட்டிக்கிட்டு, வீடு கட்டி, வேட்டையாடிப் பொழைக்கிறது. நாலு பேரு சேர்ந்து ஆடுவாங்க."

கடைப்பெண் வாய்க்குள் வந்த சிரிப்பை விழுங்கிக்கொண்டு உள்ளே போனாள். வரும்போது கையில் கறுப்பாக, தடியாக ஒன்று இருந்தது. ஏற்கெனவே ஒருவர் வைத்திருந்து விற்றது என்றாள். இதில் கிராபிக்ஸ் கார்டு தனியாக இருக்கிறது, அதுதான் கேமுக்கு முக்கியம், புதிதாக இப்படி வேண்டுமென்றால் நீங்கள் சொன்ன தொகை பக்கத்தில்கூட வராது. "கேம் பேரு என்னம்மா? சொன்னா எது ஓடும்னு பாத்துச் சொல்லிடுவேன்."

பெயர் அவளுக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமைகளில் மகன் போன் செய்வான். அவள் கணவனை விட்டு வந்தபோது அவனுக்குப் பதினைந்து வயது. "நான் அப்பாகூட இருக்கேன்" என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டான். அடித்து விரட்டிய கதையெல்லாம் இல்லை. ஒரு வீட்டில் இரண்டு பேர் வருடக்கணக்கில் பேசாமல் இருந்தார்கள், ஒருத்தி கிளம்பிவிட்டாள், அவ்வளவுதான். அதற்கடுத்த போனில் அவன் அவளை 'நீங்க' என்றான். பிறந்ததிலிருந்து 'நீ, வா, போ' என்று உரிமையோடு கூப்பிட்ட பிள்ளை. யாரும் மரியாதை கற்றுத்தரவில்லை, தானாகவே கதவைச் சாத்திக்கொள்வதுபோல் அந்த வார்த்தையைச் சாத்திக்கொண்டான். இப்போது வேறு ஊரில் வேலை பார்க்கிறான். சாப்பிட்டீங்களா, சாப்பிட்டேன், நீ சாப்பிட்டியா, ம். அதற்குமேல் பேச்சு நகராது.

போன மாதம் ஒரு நாள் அவன் போனை வைக்க மறந்துவிட்டான். மறுமுனையில் ஏதோ விளையாட்டின் சத்தத்துக்கு நடுவே யாரோ எதையோ சொல்ல, அவன் வயிறு வலிக்கச் சிரித்தான். அவள் உருளை இயந்திரத்தை நிறுத்திவிட்டு அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டு நின்றாள். அடுத்த வாரம் என்ன விளையாட்டு என்று விசாரித்தாள். கொஞ்சம் உற்சாகமாகவே சொன்னான். நாலு பேர் ஆடுவது, ஒருத்தன் கல்யாணமாகிப் போய்விட்டான், இப்போது மூன்று பேர்தான். "வேணும்னா நீங்க வாங்க" என்று சொல்லிச் சிரித்தான்.

சலவைப் பிரிவில் 'கப்பல்' என்று ஒருத்தி உண்டு. குழாயை மூட மறந்து அறை முழுவதையும் மிதக்கவிட்டதிலிருந்து அந்தப் பெயர். "பேரன் பேத்தி எடுக்கிற வயசுல வேட்டைக்குக் கெளம்பிட்டியா? அவன் பேச்சுக்குச் சொன்னதுடி" என்றாள் கப்பல். பேச்சுக்குச் சொன்னது என்று அவளுக்கும் தெரியும். ஆனால் இத்தனை வருடத்தில் அவன் வாயிலிருந்து வந்த ஒரே 'வாங்க' அதுதான்.

வேறு வழியில்லாமல் கடையிலிருந்தே அவனைக் கூப்பிட்டாள்.

"என்னம்மா, இந்நேரத்துல? உடம்பு சரியில்லையா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. லேப்டாப் கடையில நிக்கிறேன். அந்த கேம் பேரு என்ன?"

அவன் பக்கம் ஏதோ நாற்காலி நகர்ந்தது. "சும்மா சொன்னேம்மா அன்னைக்கு."

"தெரியும்டா."

"அதுல என் ஃப்ரெண்ட்ஸ் இருப்பாங்க." குரலைத் தாழ்த்தினான். "அவங்ககிட்ட... எங்க வீட்ல அம்மா இல்லைன்னு சொல்லியிருக்கேன். வீட்ல இல்லைங்கிற அர்த்தத்துலதான் சொன்னேன். அவங்க வேற மாதிரி எடுத்துக்கிட்டாங்க. நான் திருத்தல."

கடைப்பெண் ஒரு துணியால் கறுப்பு லேப்டாப்பின் மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இவள் அந்தத் துணி போய்வருவதையே பார்த்தாள். ஓர் ஓரம் விடாமல் துடைத்தது.

"சரி. அப்ப அம்மாவா வரல. பேரு எதுவோ வச்சுக்கலாமாமே அதுல? வேற யாராவதா வரேன்."

"வேற யாரா?"

"யாரோ. வெறகு பொறுக்க ஒரு ஆள் வேணும்ல உங்களுக்கு?"

அவன் சிரிக்கவில்லை. வைத்துவிடுவான் என்று நினைத்தாள்.

"என்ன லேப்டாப் காட்டுறாங்க?" என்றான்.

அவள் வெள்ளியைப் பற்றிச் சொன்னாள். "அது வேணாம், தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது, கேமத் தெறந்ததுமே படுத்துரும்." கறுப்பைச் சொன்னாள். "ரேம் எவ்வளவுன்னு கேளு. எட்டா? இன்னொண்ணு போட எடம் இருக்கான்னு கேளு. கேம்ல நடக்க அழுத்துறது, அந்த டபிள்யூ பட்டன் தேஞ்சிருக்கா?" தேய்ந்துதான் இருந்தது. "அப்ப எவனோ ராப்பகலா ஆடியிருக்கான். ஏதாவது கேமப் போடச் சொல்லு. பக்கத்துல காது வச்சுக் கேளு. ஃபேன் கரகரன்னு சத்தம் போடுதா? அடியில கைய வச்சுப் பாரு, பொறுக்க முடியாத சூடுன்னா வாங்காத. பேட்டரி செத்திருந்தாப் பரவால்ல, நீ என்ன தூக்கிக்கிட்டு ஊர் சுத்தவா போற?"

கேளு. பாரு. நீ. அவன் கவனிக்கவில்லை. அவள் மூச்சைக்கூடச் சத்தமில்லாமல் விட்டாள், எங்கே அவனுக்கு நினைவு வந்துவிடுமோ என்று. கறுப்பு லேப்டாப்பின் அடியில் கையை வைத்தாள். சூடாகத்தான் இருந்தது. ஆனால் சலவைப் பிரிவுக்காரிக்கு எது சூடு?

"பரவால்லடா. பொறுத்துக்கலாம்" என்றாள்.

ஞாயிறு காலையில் சாப்பாட்டு மேசை மேல் அதை வைத்துத் திறந்தாள். ஃபேன் உறுமியது. கப்பல் கொடுத்த பழைய ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். போனில் மகன் சொன்னபடி ஒவ்வொன்றாக அழுத்தி உள்ளே போனபோது, இடுப்பளவுத் தண்ணீரில் நின்றிருந்தாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் வானமோ மண்ணோதான் வந்தது. கடைசியில் தூரத்தில் கரையும், பாதி கட்டிய மரவீடும், மூன்று உருவங்களும் தெரிந்தன.

"யார்டா அது, தண்ணியில வானத்தப் பாத்துக்கிட்டு நிக்கிறது?" என்றது ஒரு புதுக் குரல்.

"உனக்குத் தெரிஞ்சவங்களா?" என்றது இன்னொன்று.

மூன்றில் ஒரு உருவம், மகனுடையதாகத்தான் இருக்க வேண்டும், கரையிலிருந்து பிரிந்து தண்ணீருக்குள் இறங்கியது. நேராக அவளிடம் வந்து, எதிரே நின்று, கையிலிருந்த கோடரியை அவள் முன்னால் போட்டது. கோடரி மூழ்காமல் அலையில் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. எந்தப் பொத்தானை அழுத்தினால் எடுக்கலாம் என்று அவள் தேடத் தொடங்கினாள். அந்த உருவம் நகராமல் நின்றது.