யார் கேட்ட படகு

படகைத் தண்ணீரில் இறக்க வியாழக்கிழமை என்று நாள் குறித்திருந்தார்கள். அன்றைக்குத்தான் கடல்நீர் ஏறி ஆற்றுக்குள் முழுசாக வரும், படகு மிதக்க ஆழம் கிடைக்கும். அதை விட்டால் அடுத்த பெரிய ஏற்றம் வரைக்கும் கிரேன்காரனைக் கெஞ்சிக்கொண்டு கிடக்க வேண்டும். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் எல்லாம் குழம்பிப்போனது.

த்ரெகியே ஊரின் ஆற்றங்கரைப் படகுப் பட்டறையில், இரும்புக் கால்கள் முட்டுக்கொடுக்க நின்றிருந்த அந்தப் பழைய பாய்மரப்படகிலேயே அனிக்கும் அவள் கணவன் இவோனும் இரண்டு குளிர்காலத்தைக் கழித்திருந்தார்கள். அவள் பள்ளிக்கூடச் சமையல்கட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அவன் பஸ் ஓட்டியவன். ஊருக்குள் இருந்த வீட்டை விற்றுவிட்டு இதை வாங்கியபோது பாய்மரம் ஒன்றுதான் உருப்படியாக இருந்தது. மேல்தளத்தில் கால் வைத்தால் ஊறின பிஸ்கட் மாதிரி அமுங்கியது. அழுகின பலகையை அறுத்தெடுத்து, புதுப் பலகை வைத்து, மேலே ஃபைபர் துணியும் பிசினும் பூசுவதற்குள் அனிக்கின் கைத்தோல் இரண்டு முறை உரிந்தது. இவோன் எஞ்சினோடு மல்லுக்கட்டினான். பாதி நாள் அவன் கால்கள் மட்டும்தான் வெளியே தெரியும். கரையில் நிற்கும்வரை படகின் கழிப்பறை உதவாது; ராத்திரி போக வேண்டுமென்றால் மழையில் ஏணி இறங்கிப் பட்டறைக் கோடிவரை நடக்க வேண்டும். அனிக் ஒரு தடவைகூட முகம் சுளித்ததில்லை. இவோனும் அப்படித்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அனிக் படகின் நிழலில் அடுப்பை வைத்து, முட்டையும் சீஸும் போட்டுக் கலெத் என்கிற அந்த ஊர்த் தோசை சுட்டாள். பக்கத்துப் படகு ஃபான்ஷ் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். மரப்படகு ஒன்றை வருஷக்கணக்காக ஒட்டுப்போட்டுக்கொண்டிருக்கும் ஒண்டிக்கட்டை.

"ஏன் அம்மணி, ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தேன். நல்லா இருந்த வீட்டை வித்துட்டு இந்த ஓட்டைக்குள்ள வந்து ஏறணும்னு உங்க ரெண்டு பேர்ல யாருக்குப் பித்துப் புடிச்சது?"

அனிக் கரண்டியால் இவோனைக் காட்டினாள். அதே நேரத்தில் இவோன் முள்கரண்டியால் அவளைக் காட்டினான். ஃபான்ஷுக்குப் புரையேறியது. இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். முதலில் நிறுத்தியது அனிக்தான்.

"விளையாடாத இவோன். நீதானே கேட்ட?"

"நானா? பிரேஆ தீவுல நீ சொன்னது மறந்துபோச்சா? கரையில உக்காந்து ரொட்டி தின்னோமே. எதிர்ல கையை நீட்டி, 'இப்படி ஒண்ணு இருந்தா சாகுற வரைக்கும் வேற எதுவும் கேக்க மாட்டேன்'னு சொன்னியே. நங்கூரம் போட்டு ஒரு நீலப் படகு நின்னுச்சு."

"படகுக்குப் பின்னாடி வீடு ஒண்ணு இருந்துச்சு. வெள்ளை ஜன்னல் வச்ச வீடு. நான் அதைச் சொன்னேன்."

இவோன் மெல்லுவதை நிறுத்தினான். "அப்போ நான் இந்தப் படகு விளம்பரத்தைக் கொண்டாந்து காட்டுனப்ப ஏன் வாயைத் தொறக்கல?"

"காலமெல்லாம் ஒரே ரோட்டுல பஸ் ஓட்டுன மனுஷன், கடலுக்கு ஏங்குறான் போல, குறுக்க நிக்க வேண்டாம்னு இருந்தேன்."

"நான் உனக்குன்னுதான் தேடினேன், அனிக்."

ஃபான்ஷ் மெதுவாக எழுந்து, "அங்க பெயின்ட் காயுது, போய்ப் பாக்குறேன்" என்று சொல்லி நழுவினான். தட்டில் பாதித் தோசை அப்படியே இருந்தது.

அதற்கப்புறம் இரண்டு பேரும் ஆளுக்கொரு மூலையில் வேலை பார்த்தார்கள். அனிக்குக்குக் கோபம் வந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும். வரவில்லை. உப்புத்தாளைத் தேய்த்துக்கொண்டே அந்தத் தீவை நினைத்துப் பார்த்தாள். தான் காட்டியது வீட்டைத்தானா? யோசிக்க யோசிக்க வீடு மங்கியது, படகின் நீலம்தான் பளிச்சென்று வந்தது. அதைத் தானே பார்த்தாளா, இவோன் சொன்னதால் இப்போது தெரிகிறதா என்று பிடிபடவில்லை.

"வித்துடலாமா?" என்று புதன்கிழமை இவோன் கேட்டான்.

அவனுக்கு விற்க வேண்டும்போல இருக்கிறதாக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. "சரி, விளம்பரம் போடு" என்றாள். அவன் தலையாட்டினான். அந்தத் தலையாட்டல் நிம்மதியா வருத்தமா என்று அவளால் சொல்ல முடியவில்லை.

ஆனாலும் வியாழக்கிழமை கிரேன் வந்துவிட்டது. பட்டைகளில் தொங்கிக்கொண்டு படகு மெல்ல ஆற்றுக்குமேல் போனபோது அனிக் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தண்ணீரைத் தொட்டதும் உள்ளே பாய்ந்து, அடிப்பலகையைத் தூக்கி, டார்ச் அடித்துப் பார்த்தாள். படகைத் தள்ளும் விசிறியின் தண்டு வெளியே போகும் இடத்தில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஸ்பானரை வைத்து இறுக்கினாள்.

"நின்னுச்சா?" என்று மேலிருந்து இவோன் கத்தினான்.

"நின்னுருச்சு."

அவள் ஸ்பானரைத் துணியால் துடைத்து வைத்தாள். தனக்கு வந்தது சந்தோஷமா பயமா என்று தெரியாமல் அந்த ஈரப் பலகைமேலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள்.

படகை ஊர்த் துறையில் கட்டினார்கள். விளம்பரத்தைப் பார்த்து ரென் நகரத்திலிருந்து ஓர் இளம் ஜோடி வந்தது. அந்தப் பெண் கேபினுக்குள் இறங்கி, அனிக் தைத்த மெத்தை உறையைத் தடவிப் பார்த்தாள்.

"ரொம்ப அழகா இருக்குங்க. இங்கதான் தலைவச்சுப் படுப்பீங்களா?"

"படுக்கலாம். ஆனா கூரையில இருக்கிற மேல்மூடி ஒழுகும், மூஞ்சியிலயே சொட்டும்" என்றாள் அனிக். அவளே கழற்றிப் பசை வைத்துப் பூட்டிய மூடி. ஒரு பொட்டுத் தண்ணீர் உள்ளே வந்ததில்லை. "கழிப்பறையும் அப்பப்போ திருப்பித் தள்ளும். மூக்கைப் பொத்திக்கிட்டு ஓட வேண்டியதுதான்."

சொல்லச் சொல்ல அவளுக்கே திகைப்பாக இருந்தது. அப்போது மேல்தளத்திலிருந்து இவோன் குரல் கேட்டது.

"பாய்மரத்துல ஒரு விரிசல் இருக்கு தம்பி. பாத்தா தெரியாது. பெரிய காத்துல எப்படியோ, நான் உத்தரவாதம் கொடுக்க மாட்டேன்."

"விளம்பரத்துல அதெல்லாம் போடலையே" என்றான் அந்தப் பையன்.

"போட்டா யார் வருவா?"

வந்தவர்கள் நன்றி சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போனார்கள். இவோன் கீழே இறங்கி வந்தான்.

"பாய்மரத்துல ஏது விரிசல்?" என்றாள் அனிக்.

"மூடி எப்ப ஒழுகுச்சு?"

"எனக்காகச் சொன்னியா, உனக்காகச் சொன்னியா?"

அவன் மோவாயைச் சொறிந்தான். "நீ மொதல்ல சொல்லு."

"இதானே நம்ம வியாதியே. சரி, மூணு எண்ணுறேன். இருக்கலாமா, விக்கலாமா, ரெண்டு பேரும் ஒரே நேரத்துல சொல்லிடணும்."

எண்ணினாள். மூன்று என்றதும் இருவரும் மற்றவர் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருத்தர் வாயும் திறக்கவில்லை. பிறகு இவோனின் தோள் குலுங்க ஆரம்பித்தது. அனிக்குக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, வெங்காயம் நறுக்க உட்கார்ந்தாள். கேள்வி அப்படியே கிடந்தது.

விளம்பரத்தை இருவரும் எடுக்கவில்லை. யாராவது போனில் கூப்பிட்டால் இவோன், "வேற ஆளுங்க பாத்துட்டுப் போயிருக்காங்க, அவங்க பதிலுக்குக் காத்திருக்கோம்" என்று சொல்லி வைத்துவிடுவான். அப்படி யாரும் இல்லை என்று அனிக்குக்குத் தெரியும். யாருக்காக அந்தப் பொய் என்பதுதான் தெரியவில்லை. கேட்கலாம் என்று பல தடவை வாயெடுத்திருக்கிறாள். மே மாதம் வந்தது. தண்ணீர் இறங்கும் நேரம் பார்த்து ஆற்றுமுகம்வரை படகை ஓட்டிப் போய்வர ஆரம்பித்தார்கள். சுக்கானை அவள்தான் பிடித்தாள். அவன் கேட்கவுமில்லை, அவள் கொடுக்கவுமில்லை.